சிவகாசி டிசைன் மேசைக்கு இரண்டாவது மானிட்டர்

ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி அச்சகங்களின் டிசைன் அறைகளில் வேலை குவியத் தொடங்கும். தினசரி காலண்டர், மாதக் காலண்டர், டைரி, நடுவே பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எல்லாமே அவசரம்தான். லேப்டாப்பின் ஒற்றைத் திரையில் கோரல்டிராவையும், பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேட்டரையும் மாற்றி மாற்றித் திறந்து வேலை செய்தால் பிழை நுழையாமல் இருக்காது.

தினசரி காலண்டரையே பாருங்கள். இராகு காலம் ஞாயிறு 4.30–6, திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30. ஒரு நாளின் நேரம் அடுத்த நாள் தாளில் ஒட்டிக்கொண்டால், கவனிக்காமல் பிளேட் போட்டு அச்சடித்த பிறகு திருத்த வழியில்லை. மூலப்படி ஒரு திரையிலும் லேஅவுட் இன்னொன்றிலும் இருந்தால், வரிக்கு வரி ஒப்பிடும்போதே அது சிக்கிவிடும். டி.டி.பி. வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் வேகத்துக்கு முன்னால் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விருதுநகர் மண்டியில் கணக்கு எழுதுபவருக்கும் இதே வசதி உதவும்: ஒரு திரையில் டாலி, மற்றதில் இ-வே பில்.

இரண்டாவது மானிட்டரை இணைக்க அடாப்டர் வாங்கக் கிளம்பும் முன் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல டெஸ்க்டாப்களில் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. இரண்டுமே இருக்கும்; இரண்டிலும் ஒரே நேரத்தில் மானிட்டர் மாட்டலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இரண்டையும் அந்தக் கார்டிலேயே மாட்டுங்கள். இப்படி முடிந்தால் கேபிள் செலவோடு வேலை தீர்ந்தது.

லேப்டாப்பில் இன்னொரு மானிட்டர் மாட்டத் துளை இல்லாதபோதுதான் யு.எஸ்.பி. அடாப்டர். இதில் இரண்டு வகை உண்டு; ஏமாற்றம் வருவது இங்கேதான். முதல் வகை டைப்-சி துளையில் மாட்டுவது. கிராஃபிக்ஸ் சிப்பின் படத்தை அப்படியே கடத்தும். விலை குறைவு, டிரைவர் வேண்டாம். ஆனால் எல்லா டைப்-சி துளையும் படம் தராது. மாடல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

இரண்டாவது வகையில் டிஸ்ப்ளேலிங்க் போன்ற சிப் உள்ளேயே இருக்கும். கணினி படத்தைச் சுருக்கி யு.எஸ்.பி. வழியே அனுப்ப, அடாப்டர் அதை விரித்துக் காட்டும். சாதாரண யு.எஸ்.பி. துளையே போதும்; டிரைவர் நிறுவ வேண்டும். முழு எச்.டி. படம் நொடிக்கு 60 முறை மாற, சுருக்காமல் அனுப்பினால் ஏறக்குறைய 3 ஜிகாபிட் வேண்டும். யு.எஸ்.பி. 2.0-வின் உச்ச வேகம் 480 மெகாபிட், 3.0-வின் வேகம் 5 ஜிகாபிட். ஆகவே 3.0 துளையில் மட்டும் மாட்டுங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். இரண்டாவது வேண்டுமானால் இந்த வகைதான் வழி.

இந்தச் சுருக்கும் வேலையில் பிராசஸரின் சக்தி கொஞ்சம் செலவாகும். பெரிய ஃபோட்டோஷாப் கோப்பை இழுக்கும்போது படம் பிந்தும். அதனால் லேஅவுட்டை நேரடி எச்.டி.எம்.ஐ. மானிட்டரில் வையுங்கள், மேட்டர், மெயில், கருவிப் பலகைகள் யு.எஸ்.பி. திரைக்குப் போகட்டும். நிறத்தை யு.எஸ்.பி. திரையை நம்பி முடிவுசெய்யவே வேண்டாம். நேரடித் திரைகூட ஒளியால் நிறம் காட்டுவது. தாளில் விழுவது நான்கு மை. சாமி படத்தின் மஞ்சளையும் லேபிளின் சிவப்பையும் புரூஃப் எடுத்துப் பார்த்தே ஒப்புதல் வாங்குங்கள்.

எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டரை அடாப்டர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது ஒரே படத்தை இரண்டு திரையில் காட்டும், அவ்வளவுதான். அடாப்டர் சூடாகும் பொருள். நம் ஊர் வெயிலில் அதைத் தாள் கட்டுக்கு அடியில் புதைக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். இரண்டாவது மானிட்டரையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள்.

மாட்டியதும் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில், மேசையில் மானிட்டர்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அதே வரிசையில் கட்டங்களை இழுத்து வையுங்கள். வரிசை மாறினால் மவுஸ் அம்பு தவறான ஓரத்தில் முட்டி நிற்கும்.