ஜீப்பின் கதவில் ஒரு பெட்டி: கைவேலைப் பாடம்



கிராமங்களுக்குப் போய்வரும் மருத்துவ ஜீப்பில் இடநெருக்கடி எப்போதும் உண்டு. பின்னால் மருந்துப் பெட்டிகள், ஸ்ட்ரெச்சர், தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி. அவற்றின் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் செவிலியர்கள். இரவு வேளையில் பிரசவ வேதனைப்படும் ஒரு தாயை ஏற்ற வேண்டியிருக்கும்போது, கைவிளக்கையும் கையுறையையும் தேடி மூன்று பைகளைக் கவிழ்க்க வேண்டிய நிலைமை எத்தனை வண்டிகளில் இருக்கிறது! அதே வேளையில் நான்கு கதவுகளின் உட்புறமும் வெறுமையாகக் கிடக்கிறது.

அந்த இடத்தை நாமே எப்படி உபயோகப்படுத்தலாம் என்பதே இப்பாடம். திருச்சபை வாலிபர் சங்கங்களில் தச்சு வேலையும் டிங்கர் வேலையும் தெரிந்தவர்கள் உண்டு. பெண்கள் ஐக்கியத்தில் தையல் தெரிந்த சகோதரிகள் உண்டு. சொந்தமாக ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இது பிரயோஜனப்படும். வேலை எளிதானது, ஆனால் யோசிக்காமல் செய்தால் ஆபத்தாக முடியக்கூடியது. ஆகவே முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டு, அதன்பின் கருவிகளைக் கையில் எடுப்போம்.

நம் வண்டியின் கதவு எவ்வகை?

1941ல் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்புக்குக் கதவே கிடையாது. அந்த ஜீப்பை 1940களின் கடைசியில் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டத் தொடங்கினார்கள். அதன் வழிவந்த பழைய வண்டிகள் பலவற்றில், இரும்புச் சட்டத்தில் கான்வாஸ் அல்லது ரெக்சின் இழுத்துக் கட்டிய கதவுகளே இருந்தன. இவற்றுக்குப் பெட்டி பொருந்தாது. தைத்த பைதான் பொருந்தும்.

இரண்டாவது வகை, தகட்டுக் கதவு. 1948ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் இதற்கு ஓர் உதாரணம். யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கதவிலும் உள்ளே இரும்புச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு. அதே மரபில் வந்த டிஃபெண்டர் வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் பல நாடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது வகை, 2000ல் வந்த பொலேரோ போன்ற வண்டிகளின் கதவு. உட்புறம் ஒரு பலகையால் மூடப்பட்டிருக்கும். அதன் பின்னால் கண்ணாடி ஏறி இறங்கும். சிலவற்றில் மின்கம்பிகளும் ஓடும்.

முதல் கேள்வி: கதவு எவ்வளவு தாங்கும்?

வீட்டுக் கதவைப்போலவே வண்டிக் கதவும் ஒரு பக்கம் மட்டும் கீல்களில் தொங்குகிறது. பாரம் கீலுக்குத் தூரமாகப் போகப்போக, கீலின்மேல் விழும் இழுப்பும் கூடுகிறது. கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் அந்த இழுப்பைப் பல மடங்காக்கும். நாளடைவில் கதவு தொங்கி, பூட்டு சரியாக விழாது. தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டிய கதவு ஒருநாள் வளைவில் தானே திறந்துகொள்ளலாம். ஓரத்தில் இருப்பவர் நோயாளியின் துணைக்கு வந்த ஒரு சிறு பிள்ளையாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஆகவே பெட்டியும் அதிலுள்ள பொருளும் சேர்ந்து இரண்டரை கிலோவுக்கு மேற்படாதிருப்பது நல்லது. 45 செ.மீ. நீளமும் 20 செ.மீ. உயரமும் 7 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டியை 6 மி.மீ. பிளைவுட்டில் செய்தால், பெட்டியே ஏறத்தாழ ஒரு கிலோ வரும். 4 மி.மீ. பலகையானால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறவாமல், தண்ணீர் பாட்டில்களுக்கு வேறு இடம் பாருங்கள். உள்ளவற்றில் கனமானதைக் கீல் பக்கமாக வையுங்கள். கதவை அறைந்து சாத்தும்போது பூட்டுப் பக்கமே அதிக வேகமாக அசைகிறது.

பின்கதவில் ஸ்டெப்னி மாட்டியிருந்தால் அதன் கீல்கள் ஏற்கெனவே பாரம் சுமக்கின்றன. அங்கே துணிப்பை ஒன்றே போதும்.

இன்னொரு காரியம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நேரத்தில் திறந்த பெட்டியில் கிடக்கும் ஸ்பேனரும் கண்ணாடிப் புட்டியும் உள்ளே இருப்பவர்மேல் பாயும். இரும்புக் கருவிகள் இருக்கைக்கு அடியில் இறுகக் கட்டப்பட்ட பெட்டியில் இருக்கட்டும்.

இரண்டாம் கேள்வி: தண்ணீர் எங்கே போகும்?

மழையில் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கவே செய்யும். அது வடிவதற்காகக் கதவின் அடியில் சிறு துவாரங்கள் விடப்பட்டிருக்கின்றன. நம் பெட்டியோ, அதை ஒட்டிய பசையோ அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்க, உள்ளே தகடு அரித்துப் போயிருக்கும். ஆகவே வேலைக்கு முன் அந்தத் துவாரங்களை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். புதிய பெட்டியின் அடியிலும் 6 மி.மீ. அளவில் இரண்டு துளைகள் போடுங்கள். உட்பலகையின் பின்னால் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அது ஈரத்தைத் தடுப்பதற்கே. அதைக் கிழித்து எறிய வேண்டாம்.

அலுமினியக் கதவில் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் பாட்டரிக்குள் நடக்கும் காரியமே அங்கும் நடக்கிறது. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிவிடும். இராமநாதபுரம், கன்னியாகுமரி போன்ற உப்புக்காற்று வீசும் இடங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரும்புத் திருகு போடும் இடத்தில் நைலான் அல்லது ரப்பர் வாஷர் வைத்து, துளையின் ஓரத்துக்குப் பெயிண்ட் பூசி, இரண்டு உலோகமும் நேரே தொடாதபடி செய்யுங்கள்.

மூன்றாம் கேள்வி: அவசரத்தில் கை எதைத் தேடும்?

கதவுப் பெட்டி சேமிப்பு அறை அல்ல. கதவைத் திறந்தவுடனே தேவைப்படுகிறவை மட்டும் அதில் இருக்கட்டும்: கைவிளக்கு, கையுறைகள், இறுக்கிக் கட்டும் பாண்டேஜ், முக்கோணத் துணி, சுத்தமான துண்டு, குறிப்பேடு, பென்சில். எல்லாம் சேர்த்து ஒரு கிலோ தேறுவதே கடினம். கைவிளக்கும் கையுறையும் செவிலியர் உட்காரும் இடதுபுறக் கதவில். குறிப்பேடு ஓட்டுநரின் கதவில். எப்பொருள் எந்தக் கதவில் என்பதை ஒருமுறை தீர்மானித்தபின் மாற்றாதீர்கள். இருட்டில் கை பழக்கத்தைக் கொண்டே தேடும்.

வைக்கக் கூடாதவையும் உண்டு. வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். மாத்திரைகளிலோ பெரும்பாலும் 25 அல்லது 30 பாகைக்குக் கீழ் வைக்கும்படி அச்சிட்டிருக்கிறது. தடுப்பூசிகளும், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்தும் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியவை. வெயிலில் கெட்ட மருந்து பார்வைக்கு நல்ல மருந்தைப்போலவே இருக்கலாம். அது வேலை செய்யவில்லை என்பது தாயின் இரத்தம் நிற்காதபோதுதான் தெரியவரும். ஆகவே மருந்து எதுவும் கதவில் வேண்டாம். சாராயம் கலந்த கை சுத்திகரிப்பு மருந்து, ஸ்பிரே டப்பா, தீப்பெட்டி ஆகியவையும் வேண்டாம். கைவிளக்கின் செல்கள் சூட்டில் கசியக்கூடும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

செய்யும் முறை

1. முதலில் தடித்த அட்டையில் பெட்டி ஒன்று செய்து, டேப்பினால் கதவில் ஒட்டுங்கள். கதவைச் சாத்தி, இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் இடிக்கிறதா? இருக்கையை நகர்த்தும் பிடி, சீட் பெல்ட், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள் யாவும் தடையின்றி இயங்குகின்றனவா? கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் சரியாக அமர்கிறதா? இரண்டு நாள் அட்டையோடே ஓட்டிப்பாருங்கள்.

2. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள புதிய வண்டிகளில் இவ்வேலை வேண்டாம். அது இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே விரிய வேண்டியது. நம் பெட்டி அதற்குத் தடையாகும், அல்லது அதனால் எறியப்படும்.

3. கண்ணாடியை முழுவதும் இறக்கி, அது வந்து நிற்கும் எல்லையையும் மின்கம்பி போகும் வழியையும் உட்பலகையைக் கழற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் துளை போடக் கூடாது. வெளித்தகட்டைத் தொடாத அளவுக்குக் குட்டையான திருகுகளையே தேர்ந்தெடுங்கள்.

4. பெட்டியைப் பசையினாலும் சிறு திருகுகளினாலும் இணைத்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி, வார்னிஷ் இரண்டு தரம் பூசுங்கள். மேல்விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். கூரிய மூலை ஒன்றும் இருக்கக் கூடாது.

5. மெல்லிய தகட்டில் திருகு நிற்காது. குலுங்கிக் குலுங்கித் துளை பெரிதாகிவிடும். கதவின் உட்சட்டத்தில் ரிவெட் நட்டு பதித்து, அதில் போல்ட்டை முடுக்குங்கள். குறைந்தது நான்கு இடங்களில் பிடிப்பு வேண்டும். பழுதுபார்க்கக் கழற்றவும் இது வசதி.

6. பொருள்கள் துள்ளி விழாதபடி மேலே துணி மூடி தைத்து வெல்க்ரோ ஒட்டுங்கள். கையுறை போட்ட கையினாலும் இழுத்துத் திறக்க முடிய வேண்டும்.

7. கான்வாஸ் கதவானால் தடித்த கான்வாஸ் துணியில் மூன்று அறைகள் உள்ள பை தைத்து, மேலும் கீழும் வார் வைத்துச் சட்டத்தில் கட்டுங்கள். அடித்தையலில் ஐலெட் வளையம் பதித்தால் தண்ணீர் வடியும்.

முடிந்தபின் கதவை ஐம்பது தரம் திறந்து சாத்திப் பாருங்கள். ஒரு மாதம் ஓடியபின் போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கி, கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதியுங்கள். மழைக்காலத்துக்கு முன் வடிகால் துளைகளையும் பாருங்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை செலவிட்டால் போதும். எந்த வண்டிக்குச் செய்கிறீர்களோ, அதை ஓட்டுகிறவரையும் அதில் போகும் செவிலியரையும் முதலில் கேளுங்கள். இரவில் எதைத் தேடி அலைகிறோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கலந்துரையாட:

1. உங்கள் வண்டியின் கதவு மூன்று வகைகளில் எது? அதன் வடிகால் துவாரங்கள் எங்கே இருக்கின்றன?

2. கதவைத் திறந்தவுடன் தேவைப்படும் பொருள்கள் ஐந்தை எழுதி, அவற்றின் எடையைக் கூட்டிப் பாருங்கள்.

3. இப்போது உங்கள் வண்டியின் கதவிலோ டேஷ்போர்டிலோ வெயிலில் கிடக்கும் மருந்து ஏதேனும் உண்டா? அதை இன்று எங்கே மாற்றி வைப்பீர்கள்?