"ரிடையர்டு" பீங்கான் பொம்மை: அழகு சரி, முதலீடா?

ஷேர், தங்கம், ஃபண்டுன்னு நிறைய பேசியாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் வித்தியாசமான பொருள். ஆன்சைட் போனவங்க டிசம்பர் மாசம் அமெரிக்காவுல ஒரு கிஃப்ட் கடைக்குள்ள நுழைஞ்சா இந்த அலமாரி கண்டிப்பா கண்ணுல படும். பனியில விளையாடற வெள்ளைப் பீங்கான் குழந்தைகள், உள்ளே லைட் எரியற குட்டி வீடுகள், ஆட்டினா பனி கொட்டற கண்ணாடி உருண்டை (அதான் ஸ்னோ குளோப்). கூடவே "லிமிடெட் எடிஷன்"னு ஒரு அட்டை. உடனே மனசு கேக்கும்: "இப்ப வாங்கி வச்சா பின்னாடி டபுள் ஆகுமோ?"

இதுக்குப் பதில் சொல்ல டிபார்ட்மெண்ட் 56 கதை ஒண்ணே போதும். மின்னசோட்டா மாநிலத்துல ஒரு பெரிய பூ வியாபார நிறுவனத்துல இருந்து பிறந்த கம்பெனி இது. 1976ல "ஸ்னோ வில்லேஜ்"னு பனி மூடின ஆறு வீடுகளோட ஆரம்பிச்சாங்க. 80கள்ல "ஸ்னோபேபீஸ்" வந்தது. பளபளப்புப் பூச்சு இல்லாத வெள்ளைப் பீங்கான் குழந்தைகள், உடுப்பு மேல பனித்துகள் ஒட்டின மாதிரி இருக்கும். அதே உருவங்களை வச்சு ஸ்னோ குளோபும் விட்டாங்க.

இவங்க பிசினஸோட சூட்சுமம் ஒரே வார்த்தைதான்: "ரிடையர்டு". வருஷா வருஷம் சில பொம்மைகளை "இனிமே தயாரிக்க மாட்டோம்"னு அறிவிப்பாங்க. அறிவிச்ச உடனே கடையில மிச்சம் இருக்கறதை வாங்க ஜனம் ஓடும். 90கள்ல சில பழைய உருப்படிகள் கடை விலையை விடப் பல மடங்குக்குக் கை மாறிச்சு. எந்த பொம்மை என்ன விலைன்னு சொல்ல தனிப் புத்தகங்களே வந்தது. 1993ல கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தையிலயும் லிஸ்ட் ஆச்சு. 2005ல லெனாக்ஸ்ங்கற பீங்கான் கம்பெனியை வாங்கி, பேரையும் லெனாக்ஸ் குரூப்னு மாத்திக்கிட்டு, 2008 நவம்பர்ல திவால் மனு போட்டாங்க. பிராண்ட் வேற கையில போய் இன்னும் ஓடுது. ஆனா அந்தப் பழைய விலை திரும்பல.

ஏன்? "ரிடையர்டு"ன்னா இனிமே வராதுன்னு மட்டும்தான் அர்த்தம். ஏற்கெனவே எத்தனை வெளியில இருக்குன்னு அது சொல்லாது. அந்தக் காலத்து அலங்காரத் தட்டு விளம்பரங்கள்ல இன்னொரு ஜாலம் இருந்தது: "150 சூளை நாட்களுக்கு மட்டும்". கேக்க லிமிடெட் மாதிரிதான் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு சுடுவாங்கன்னு யாராவது கேட்டாங்களா?

அதை விடப் பெரிய காரணம், விலை ஏறும்னு நம்பின எல்லாரும் அட்டைப் பெட்டியோட, கீறல் இல்லாம, பத்திரமா எடுத்து வச்சாங்க. எல்லாரும் பத்திரமா வச்ச பொருள் எப்படி அரிதாகும்? ஈபே வந்ததும் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. தன் ஊர்ல ஒண்ணுதான் இருக்குன்னு நினைச்ச பொம்மை, ஸ்கிரீன்ல வரிசையா நிக்குது. சேர்த்தவங்களுக்கு வயசாகி வீட்டைக் காலி பண்ணும்போது எல்லாம் ஒரே சமயத்துல சந்தைக்கு வருது. பிள்ளைகளுக்கு அதுல ஆசையும் இல்ல.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் கோபன்ஹேகன்ல இருக்கு. பிங் அண்ட் க்ரோண்டால் கம்பெனி 1895ல முதல் கிறிஸ்துமஸ் தட்டை விட்டது. உறைஞ்ச ஜன்னல் வழியா நகரம் தெரியற நீலப் படம். கொஞ்சம்தான் செஞ்சாங்க, பின்னாடி விலை ஏறும்னு அன்னைக்கு யாரும் பதுக்கல. அதனால அதைத் தேடறவங்க இன்னும் இருக்காங்க. ஆனா தட்டு சேக்கற மோகம் உச்சத்துல இருந்த 1970கள்ல வந்த அதே கம்பெனி தட்டுகள், பழைய சாமான் கடையில சல்லிசா கிடைக்குது.

இப்ப நம்ம கணக்கு. ₹4,000க்கு ஒரு பொம்மை வாங்கறீங்க. பணவீக்கம் 6%னு வச்சா, 72ஐ 6ஆல வகுங்க, 12 வருஷம். அப்போ ₹8,000 கையில வந்தாதான் இன்னைக்குப் போட்ட காசே திரும்பின மாதிரி. விற்பனைத் தளம் 15% கமிஷன் எடுத்தா, சுமார் ₹9,400க்கு விக்கணும். பீங்கானைப் பொதிஞ்சு அனுப்பற செலவு தனி. வட்டியும் கிடையாது, டிவிடெண்டும் கிடையாது. அந்த விலைக்கு வாங்க ஆள் வரணும், அவ்வளவுதான். வரலைன்னா?

பிடிச்சா வாங்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சினிமா, டூர் எந்தக் கணக்குல வருதோ அதே கணக்குல வாங்குங்க. எஸ்ஐபி பணத்துல கை வைக்காதீங்க. புதுசை விட செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. மத்தவங்க ஏமாந்த விலை உங்களுக்கு டிஸ்கவுண்ட்! ஸ்னோ குளோப்னா தண்ணி மட்டம் குறைஞ்சிருக்கா, கலங்கியிருக்கான்னு போட்டோவைப் பெருசாக்கிப் பாத்துட்டு வாங்குங்க.

ஊருக்குக் கொண்டு வரும்போது ஒண்ணு ஞாபகம் வைங்க. உள்ளே இருக்கறது திரவம். 100 மில்லிக்கு மேல இருந்தா கேபின் பையில விட மாட்டாங்க, துணி சுத்தி செக்-இன் பெட்டியில போடுங்க. வீட்டுல ஜன்னலோரம் நேர் வெயில்ல வைக்காதீங்க. உருண்டைக் கண்ணாடி லென்ஸ் மாதிரி வெயிலைக் குவிச்சு, பக்கத்துல இருக்கற திரைச்சீலையைப் பத்த வைக்கலாம்.