பில் போடும் கம்ப்யூட்டரில் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும்?

2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கம்ப்யூட்டர் நின்றால் வியாபாரமும் நின்றது என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டோம். ஆனாலும் தராசைத் துடைக்கும் அக்கறையில் பாதிகூட அந்தப் பெட்டிக்கு நாம் காட்டுவதில்லை. எங்கள் மிளகாய் மண்டியில் பட்ட சிரமத்தை உறுப்பினர்களின் உபயோகத்துக்காக எழுதுகிறோம்.

சென்ற கோடையில் பகல் பன்னிரண்டு மணியைத் தாண்டினால் எங்கள் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். லாரி வாசலில் நிற்கும். இ-வே பில் எடுக்க முடியாது. கரண்ட் மேல் பழி போட்டுப் புது யு.பி.எஸ். வாங்கினோம். பணம் போனதுதான் மிச்சம். கடைசியில் பெட்டியின் பின்னால் கை வைத்துப் பார்த்த கணக்குப்பிள்ளைதான், "அண்ணாச்சி, இந்த ஃபேன் காற்றை வெளியே தள்ளவில்லை, உள்ளே இழுக்கிறது" என்றார். பழுது பார்க்க வந்தவர் தூசி துடைத்துவிட்டுத் திருப்பி மாட்டியிருக்கிறார்!

இது நம் குடோன் கணக்குதான். முன்பக்கம் ஜன்னல், எதிர்ச்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் என்றால் புழுக்கம் போகும். இரண்டு பக்கமும் உள்ளே ஊதினால் சூடு எங்கே போகும்? எங்கள் பெட்டியில் பவர் சப்ளை வெளியே விட்ட வெப்பக் காற்றையே, அதற்குக் கீழே இருந்த ஃபேன் மறுபடி உள்ளே இழுத்திருக்கிறது. பிராசஸர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால், கருகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். யு.பி.எஸ். என்ன செய்யும், பாவம்!

ஆகவே முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்கமும் மேற்புறமும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும். ஒரே ஃபேன்தான் என்றால் அது பின்பக்கம், வெளியே தள்ளும்படி இருக்கட்டும். திசையை அறிவது சுலபம். பெரும்பாலான ஃபேன்களில் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளிவரும். சிலவற்றின் ஓரத்தில் அம்புக்குறியும் உண்டு. மாட்டிய பின் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள்: உள்ளே இழுத்தால் ஒட்டிக்கொள்ளும், வெளியே தள்ளினால் பறக்கும்.

மிளகாய், மல்லி, மாவு வியாபாரிகளுக்கு இன்னொரு விஷயம். வெளியே தள்ளுவது மட்டும் பலமாக இருந்தால், பெட்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் தூசி புகும். முன்பக்கம் வலை வைத்த ஃபேன் போட்டு, உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருக்கும்படி செய்தால், பெரும்பாலும் வலை வழியாகவே காற்று வரும். ஃபேன் விலை சில நூறு ரூபாய்தான். வலையை மாதம் ஒருமுறை உதற வேண்டும். எங்கள் மண்டியில் பதினைந்து நாளுக்கே சிவந்துவிடுகிறது.

பிளக்கை எடுத்த பிறகே பெட்டியைத் திறக்கவும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும். சுழலவிட்டால் பேரிங் கெடும். பெட்டியின் பின்புறம் சுவரை ஒட்டியிருந்தால் அரை அடி முன்னால் இழுத்து வையுங்கள். மேலே சாக்கு அடுக்கும் பழக்கம் எங்கள் கடையில் இருந்தது, இப்போது இல்லை.