வந்தோர்க்கும் மருந்து

நோய்க்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை. உள்ளூரானைப் பற்றும் காய்ச்சல் அயலூரானையும் பற்றும். ஆனால், அயலூரானுக்கு நோயோடு வேறொரு துன்பமும் உண்டு. மருத்துவமனை எங்குளது என்பதை அவன் அறியான். கேட்டறிய மொழியும் அறியான். அத்தகையோர்க்கு மருத்துவம் செய்தல் இரக்கத்தின்பாற்பட்டதா, கடமையின்பாற்பட்டதா என்பது எண்ணத்தக்கது.

தாமிரவருணி பாயும் திருநெல்வேலிச் சீமையார் இதனை நன்கு அறிந்தவர். முற்காலத்தில் அயலூர்க்குப் பிழைக்கச் சென்றவர் அவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருட் பலர் இலங்கைக்குச் சென்று, காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் கூலி வேலை செய்தனர். குளிரும் மழையும் பழகாத அவர்களைக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாட்டின. உரிய மருத்துவமின்றி மாண்டோர் பலர். தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்தற்பொருட்டு 1872-ஆம் ஆண்டில் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. 1912-இல் மேலும் ஒரு சட்டம் பிறந்தது. தோட்ட முதலாளியின் மனத்தை மட்டும் நம்பியிருந்தால் தொழிலாளியின் உயிர் நில்லாது என்பதை அச்சட்டங்கள் உணர்த்தின.

இன்று திருநெல்வேலிக்கே பிறர் பிழைக்க வருகின்றனர். பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தார் இங்குக் கட்டட வேலை செய்கின்றனர். 1983 முதல் ஏதிலியராய் வந்த இலங்கைத் தமிழருள் பலர் முகாம்களில் வாழ்கின்றனர். இவர்கட்கு உள்ள உரிமை யாது?

இந்திய அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் உரியதாக்கவில்லை, எவர்க்கும் உரியதாக்கிற்று. 1992-இல் மேற்கு வங்காளத்தில் உழவுத் தொழிலாளி ஒருவர் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் பலவும் இடமில்லை, வசதியில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பின. உயிருக்கு இடுக்கண் நேர்ந்தபோது அரசு மருத்துவமனை உரிய காலத்தில் சிகிச்சை அளியாமை அப்பிரிவிற்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, உலாவாக வந்த வெளிநாட்டார் அடிபட்டு வந்தாலும், அவருயிரைக் காக்கும் சிகிச்சையை மறுத்தல் ஆகாது.

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு திங்களுக்கு மேல் இங்கு வாழும் பிற மாநிலத் தொழிலாளரும் தொழிலாளர் துறையின் சான்றுடன் சேரலாம். முகாம்வாழ் இலங்கைத் தமிழர்க்கு அதில் வருமான வரம்பு இல்லை.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. காசநோயைக் காண்க. அதற்குரிய மருந்தை அரசு இலவசமாக வழங்குகின்றது. பெரும்பாலும் ஆறு திங்கள் இடைவிடாது உண்ணல் வேண்டும். வேலை தேடி வேற்றூர் செல்லும் தொழிலாளி இடையில் மருந்தை நிறுத்தினால், நோய் மருந்துக்கு அடங்காததாய் முற்றும். உடன் உறைவோரையும் பற்றும். சென்ற ஊரிலும் அதே மருந்தைத் தொடர்ந்து பெறலாம் என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் ஒருவர் இருந்தால், அவனும் பிழைப்பான், அவ்வூரும் பிழைக்கும்.

பாளையங்கோட்டையில் 1965-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. சிற்றூர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. அவற்றிற்கு வழி அறியாத அயலூரானைக் கண்டால் உடன் அழைத்துச் செல்லுதலும், அவன் உரிமையை அவனுக்கு உணர்த்துதலும் உள்ளூரார் கடமையாகும். முன்னோர் அயல்நாட்டில் எவ்வுதவிக்கு ஏங்கினரோ, அவ்வுதவியைத் தம் ஊருக்கு வந்தோர்க்குச் செய்தலே அம்முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகும்.