சம்பளச் சீட்டு இருக்கும்போதே

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன், இப்போது கூடுவாஞ்சேரியில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறேன். பழைய நண்பர்கள் யாராவது தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்பது, "எவ்வளவு சேத்து வச்சிட்டு வேலையை விட்ட?" என்பதுதான். தொகையைச் சொன்னால் தங்கள் சேமிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் சரிப்படாதுப்பா" என்று வைத்துவிடுகிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே என்னென்ன செய்து முடித்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. சொல்வதற்கு விஷயம் இருப்பது அங்கேதான்.

மறைமலைநகர் ஆலையை மூடப்போவதாக ஃபோர்டு அறிவித்தது 2021 செப்டம்பரில். அடுத்த ஆண்டு ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. அந்த மாதங்களில் எங்கள் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. ஆளுக்கொரு தொழில் சொன்னார்கள்: பால் பண்ணை, பிரியாணிக் கடை, யூடியூப் சேனல். எங்கள் ஆலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் தானாக அடங்கிவிட்டது. எனக்கு மட்டும் அடங்கவில்லை. திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். மணிலா, அதாவது நிலக்கடலை, விளைகிற மண். அப்பா மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இறக்கிவிட்டு ஏலத்தில் என்ன விலை விழுமோ என்று காத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன். எண்ணெய்த் தொழிலைப் பிடித்துக்கொள்ள எனக்கு அதற்கு மேல் காரணம் இல்லை. லட்சியம், கனவு, பாரம்பரிய மீட்பு என்றெல்லாம் என் கடைப் பலகையில் எழுதவும் இல்லை.

புதிய தொழிலை யூடியூபில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. அதில் வாகை மரச் செக்கு மெதுவாகச் சுற்றும், பொன்னிறமாக எண்ணெய் வழியும், பின்னணியில் புல்லாங்குழல் கேட்கும். 80 கிலோ மூட்டையை இறக்குவதைக் காட்ட மாட்டார்கள். ஆட்டி முடித்தபின் உரலுக்குள் குனிந்து புண்ணாக்கைச் சுரண்டி எடுப்பதையும், எண்ணெய்ப் பிசுக்கேறிய தரையை நாள் தவறாமல் கழுவித் தள்ளுவதையும் காட்ட மாட்டார்கள். அதனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பரம்பரையாகச் செக்கு வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போய், வாரக் கடைசியில் வந்து கூலியில்லாமல் வேலை செய்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை அழுக்காவுமே தம்பி" என்றார். அழுக்கானது.

அங்கே நான் கற்றதில் பாதி, எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது. இரண்டாவது வாரமே அவர் சொன்னார்: "எண்ணெய விக்க எவனாலயும் ஆவும் தம்பி. புண்ணாக்க விக்கத் தெரிஞ்சவன்தான் இதுல நிப்பான்." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது. மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கு மட்டுமே 300 ரூபாய். அதன் மேல் மின்சாரம், ஆள் கூலி, பாட்டில், வாடகை. பெரிய ஆலைகளின் பாக்கெட் எண்ணெய் விலையைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளரிடம் இதற்கு மேல் அதிகம் ஏற்றவும் முடியாது. மிஞ்சுகிற ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ புண்ணாக்குக்கு மாட்டுக்காரர்கள் தரும் காசுதான் கடை வாடகையைக் கட்டுகிறது. கூடுவாஞ்சேரியில் கடை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய் வாங்க அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. வண்டி எடுத்தால் சிறிது தூரத்திலேயே மாடு வளர்க்கிற கிராமங்களும் இருக்கின்றன.

இன்னொன்று ஈரம். பருப்பில் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு சேரும். பெரியவர் ஒரு கைப்பிடி பருப்பை அள்ளிக் குலுக்கி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். நான் ஆலைப் பழக்கத்தில் ஈரமானி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவர் சொன்னதும் கருவி காட்டியதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத அன்று அவர் பருப்பை இன்னொரு வெயில் காயவைக்கச் சொன்னார். எங்கள் இருவரின் கௌரவமும் தப்பியது. பழைய வேலையில் படித்தது வீண் என்கிற எண்ணம் எனக்குப் போனதும் அங்கேதான். உள்ளே வருகிற பொருளைச் சோதிப்பது, ஒவ்வோர் ஈட்டுக்கும் எண் போட்டு எழுதி வைப்பது, புகார் வந்தால் எந்த மூட்டையில் தொடங்கியது என்று பின்னோக்கிப் போவது எல்லாம் நான் சம்பளம் வாங்கிச் செய்த வேலைகள்தாம். இன்று என் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அந்தப் பருப்பு எந்த நாள் ஏலத்தில் எடுத்தது என்று சொல்லிவிடுவேன். மாறப்போகிறவர்கள் தங்கள் பழைய வேலையில் எதைப் புதியதற்குள் தூக்கிக்கொண்டு போகலாம் என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் காலியாக இருந்தால், இன்னும் கொஞ்ச காலம் வேலையில் இருப்பது நல்லது.

சம்பளச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளக்காரனுக்கு இந்த நாட்டில் இருக்கிற மரியாதை, அது போன பிறகுதான் தெரியும் என்பார்கள். நான் போவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன். வங்கியில் வேலை செய்கிற என் மச்சான் புண்ணியம். "மாமா, நீங்க ராஜினாமா குடுத்த மறுநாள் எங்க கணக்குல நீங்க வேற ஆளு" என்றான். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு வீட்டுக்கடனோ வண்டிக்கடனோ தர, வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு வருமானவரிக் கணக்குத் தாக்கலைக் கேட்கும். சம்பளக்காரருக்குச் சில மாதச் சீட்டு போதும். அதனால் வாங்க வேண்டியதை முன்பே வாங்க வேண்டும். கடனை மட்டும் சொல்லவில்லை. டேர்ம் காப்பீடு எடுக்கவும் வருமானச் சான்று வேண்டும். சம்பளத்தை வைத்துத்தான் எவ்வளவு தொகைக்குத் தருவது என்று முடிவு செய்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனால் கேள்விகள் நீளும்.

மருத்துவக் காப்பீடு இதைவிட முக்கியம். நிறுவனம் எடுத்துத் தந்திருக்கும் குழுக் காப்பீடு, நீங்கள் வெளியே வந்ததும் பொதுவாக முடிந்துவிடும். வெளியேறுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டால், தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் போடலாம். நாற்பதை நெருங்குகிற நம்மில் எத்தனை பேருக்கு இரண்டில் ஒன்றாவது இல்லாமல் இருக்கிறது? நான் வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்து, காத்திருப்புக் காலத்தில் பெரும்பகுதியைச் சம்பளக் காலத்திலேயே கழித்துவிட்டேன்.

பி.எஃப். பற்றி ஒரு வார்த்தை. வேலையை விட்டதும் அதை எடுத்து முதலீட்டில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. உடனே எடுத்தாக வேண்டிய கட்டாயம் ஏதும் கிடையாது. தொடர்ச்சியாக 5 ஆண்டு ஆகாமல் எடுத்தால் வரியும் பிடிப்பார்கள். ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு சேவை முடிந்திருந்தால்தான் பிற்காலத்தில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஒன்பதாவது ஆண்டில் கோபத்தில் எழுந்து போகிறவர்கள் காலண்டரை ஒருமுறை பார்க்கலாம். பணிக்கொடையும் அப்படித்தான்: நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், ஆகியிருந்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிடைக்கும். என் செக்கின் விலையில் ஒரு பகுதி அந்தப் பணம்தான்.

வீட்டுச் செலவுக்கு ஒத்திகை பார்த்தது மனைவியின் யோசனை. சம்பளம் வந்த அன்றே பாதியை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில் குடும்பம் நடத்திப் பார்த்தோம். சும்மா இரண்டு மாதம் செய்துவிட்டு "முடியுதே" என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும், தீபாவளியும், சொந்தத்தில் ஒரு கல்யாணமும் அதற்குள் வந்துபோக வேண்டும். "என்னங்க, மளிகைல சமாளிச்சிடலாம். ஸ்கூல் ஃபீஸ்லதான் இடிக்குது" என்று அவள் சொன்னது அந்த ஒத்திகையில் தெரிய வந்ததுதான். பள்ளிக் கட்டணத்துக்கென்று தனியாக ஓர் ஆர்.டி. போட்டோம். அது இன்றும் ஓடுகிறது.

அம்மாவைச் சமாளித்தது தனிக்கதை. "செக்கு ஆட்டறதுக்கா உன்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்?" என்று கேட்டார். வாதாடிப் பயனில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரின் செக்கடிக்கே அழைத்துப் போனேன். பெரியவர் எள் ஆட்டிக்கொண்டிருந்தார், கருப்பட்டியை எப்போது போடுவது என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. திரும்பும் வழியில் அம்மா என் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. பெரியவர் கருப்பட்டி போடும் பக்குவம் தப்பு என்பதையே ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலையில் இருந்துகொண்டே சின்னதாக விற்றுப் பார் என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். அதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பக்கத் தொழில் கூடாது என்று பெரும்பாலானவற்றில் ஒரு வரி இருக்கும். நான் ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. பெரியவரின் செக்கில் என் காசில் பருப்பு வாங்கி ஆட்டி, சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் சும்மா கொடுத்தேன். பதிலுக்கு அவர்கள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அண்ணி சொன்னார்: "வாசனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வடை போட்டா நுரைச்சுக்கிட்டு வருதே!" சுத்திகரிக்காத எண்ணெய் நுரைப்பது இயல்பு, நன்றாகத் தெளியவைத்தால் குறையும். எத்தனை நாள் தெளியவைப்பது, எந்தச் சமையலுக்கு எது என்று சொல்லி விற்பது எல்லாம் அந்த இலவசப் பாட்டில்களில் பிறந்தவை.

அரசுத் திட்டங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். கிண்டியில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் பயிற்சிகள் பற்றியும் அங்கேதான் சொன்னார்கள். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு. சிறிய உணவுத் தொழில்களுக்கு 2020இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் நான் விசாரித்தபோது 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். கேட்க இனிக்கும். ஆனால் இவை கடனோடு ஒட்டிய மானியங்கள். பணம் கையில் வராது. வங்கியில் தனியாக நின்று, சில ஆண்டு கழித்துக் கடனில் கழியும். மானியத்தை நம்பித் தொழில் தொடங்குகிறவருக்கு வங்கி மேலாளர் முகத்திலேயே பதில் சொல்லிவிடுவார். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு நான் தொடங்கியபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை வருடத்துக்கு 100 ரூபாய்தான். அதற்கு மேல் போனால் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது.

சமையல் எண்ணெயை அளந்து ஊற்றிச் சில்லறையில் விற்கக் கூடாது என்று விதி இருப்பது பலருக்குத் தெரியாது. முத்திரையிட்ட பாட்டிலில், உரிய விவரங்கள் அச்சிட்டுத்தான் விற்க வேண்டும். தூக்குவாளியோடு வந்து நிற்கிற பாட்டிகளிடம் இதை விளக்குவது லேசான காரியம் இல்லை. "எங்க காலத்துல..." என்று தொடங்கிவிடுவார்கள். சொந்தக் கடலையைக் கொண்டுவந்தால் கூலிக்கு ஆட்டித் தருகிறேன் பாட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது கூலி ஆட்டும் வேலை தனியாக வளர்ந்துவிட்டது.

விலகுகிறபோது நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துவிட்டு வாருங்கள். பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கணக்கு முடித்த தாள் மூன்றையும் கையில் வாங்காமல் வராதீர்கள். மேலதிகாரியின் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு பேச்சு பேசிவிட்டு வர வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அடுத்து வந்த பையனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தீபாவளிக்கு அந்தப் பிரிவிலிருந்து மொத்தமாக எண்ணெய் கேட்டு வந்த முதல் ஆர்டர் அவன் மூலம் வந்ததுதான்.

நானும் மனைவியும் ஒரு கெடு வைத்துக்கொண்டோம். இரண்டாவது பங்குனி முடிவதற்குள், அதாவது புதுக்கடலை வரவு இரண்டு முறை வந்து போவதற்குள், பழைய சம்பளத்தில் பாதியாவது மாதா மாதம் வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் திரும்ப வேலை தேடுவேன். அதற்கென்று என் தரச்சான்றிதழ்களைக்கூடக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். கெடு போன பங்குனியோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுக் கணக்கு நோட்டை விரித்தோம். கடைசி ஓராண்டில் பத்து மாதங்களில் பாதிக்கு மேல் வந்திருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் வரவில்லை. மனைவி அந்த இரண்டு மாதத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். "இந்த ரெண்டு மாசத்துக்கு என்ன பண்றதுன்னு சொல்லுங்க, அப்புறம் கெடுவத் தள்ளலாம்" என்றாள். தேங்காய் எண்ணெய்க்காகக் காங்கேயத்துக் கொப்பரை வியாபாரி ஒருவரோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.