தெளிந்த தண்ணீரில் மீன் செத்தது எப்படி?

முன்னுரை



நம் பள்ளி அறிவியல் அறையில் இருந்த மீன் தொட்டி இப்போது காலியாகக் கிடப்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு 5 ரூபாய் போட்டு வாங்கிய ஆறு தங்கமீன்களும் பத்தாவது நாளே செத்துப் போச்சு. தங்கமீன் நன்றாக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேலேயும் இருக்கும். இங்கிலாந்து நாட்டில் ‘டிஷ்’ என்ற தங்கமீன் 43 வருடம் வாழ்ந்து 1999-இல்தான் இறந்தது. அது 43 வருடம், நம்முடையது 10 நாள். ஏன்?

“ஆறாம் வகுப்புத் தம்பி கை நிறைய தீனி போட்டான், அதான் செத்துச்சு” என்று எல்லாரும் சொல்லிவிட்டோம். நானும் சொன்னேன். அது சரிதானா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. அறிவியல் டீச்சரிடம் கேட்டும், பாடப் புத்தகத்தில் நைட்ரஜன் சுழற்சியைத் திரும்பப் படித்தும் எழுதியிருக்கிறேன்.

நடந்தது என்ன?

முதல் புதன்கிழமை மீன் விட்டோம். தொட்டி 20 லிட்டர்தான், ஒரு தண்ணீர் கேன் அளவு. தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றச் சொன்னார் டீச்சர். அப்படியே செய்தோம். அடுத்த புதன்கிழமை தண்ணீர் கலங்கலாக, அரிசி கழுவிய தண்ணி மாதிரி ஆனது. வியாழன் சாயங்காலம் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தம்பி தீனி போட்டான். மதியம் நான்கு மீன் மிதந்தது. பள்ளி விடும்போது மீதி இரண்டும் போய்விட்டது.

சந்தேகப்பட வேண்டியவர்கள் நான்கு பேர்

1. அமோனியா: மீன் தன் கழிவை அமோனியாவாக, முக்கியமாகச் செவுள் வழியாக, தண்ணீரிலேயே விடுகிறது. தின்னாமல் மிச்சம் கிடக்கும் தீனி அழுகினாலும் அமோனியா வரும். ஆற்றில், குளத்தில் தண்ணீர் நிறைய இருப்பதால் அது கரைந்து போகும். 20 லிட்டரில் எங்கே போகும்? இதைச் சரி செய்ய இயற்கையில் ஆட்கள் இருக்கிறார்கள். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் போதுமான அளவு வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவை குடியிருப்பது கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும்தான். நாமோ முதல் நாளே ஆறு மீனையும் விட்டுவிட்டோம்.

நைட்ரைட்டும் லேசுப்பட்டது இல்லை. அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை மாற்றிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாலும் இரத்தம் அதைச் சுமக்காது. மீன் மூச்சுத் திணறும்.

2. குளோரின்: நாம் குடிக்கும் தண்ணீரில் கிருமி சாக பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். குழாயில் வரும்போது ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அது நல்லது. மீனுக்கு அந்த அளவே கெடுதல், செவுளை அரித்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் திறந்து வைத்தால் இந்தக் குளோரின் காற்றில் போய்விடும். டீச்சர் முதல் தடவை வாளியில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

3. ஆக்சிஜன் குறைவு: தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். நம் தொட்டியில் காற்று மோட்டார் இருந்தது. ஆனால் சாயங்காலம் பள்ளி பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். அதனால் ராத்திரி முழுக்க மோட்டார் ஓடவில்லை. இதை மீன் செத்த பிறகுதான் யோசித்தோம்.

4. விஷ மருந்து: கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனம் மீனுக்கு மிகக் கொடியது. தொட்டி பக்கத்தில் அடித்தால் ஆபத்து. ஆனால் அந்த வாரம் யாரும் மருந்து அடிக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் இவரை விட்டுவிடலாம்.

தம்பி சொன்ன சாட்சி

போன வாரம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, “நீ ஏன்டா அவ்ளோ தீனி போட்ட?” என்று கேட்டேன். அவன் அழுதுகொண்டே, “அக்கா, நான் வரும்போதே மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடிச்சுக்கா. பசிக்குதுபோலன்னு போட்டேன். ஒண்ணுகூட திங்கல, எல்லாம் அடியில போயிடுச்சு” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது பசி இல்லை, மூச்சுத் திணறல்! அதாவது தம்பி வருவதற்கு முன்பே மீன்கள் செத்துக்கொண்டு இருந்தன. தின்னாத தீனி எப்படி வயிற்றைக் கெடுக்கும்? அந்தத் தீனி அழுகி அமோனியா ஆகவும் நேரம் வேண்டும். காலையில் போட்டது மதியத்துக்குள் ஆறு மீனைக் கொல்லாது.

அப்படியானால் யார்?

வியாழன் சாயங்காலம் தொட்டியைச் சுத்தம் செய்தது நான்தான். யாரும் சொல்லாமல் நானாகவே செய்தேன். மறுநாள் எல்லாரும் பார்த்துப் பாராட்டணும் என்று ஆசை. பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினேன். கல்லையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றினேன். அன்றைக்குப் பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருந்தது. நான் மூக்கைச் சுளித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு கதவைப் பூட்டினார்கள். மோட்டாரும் நின்றது.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே எட்டு நாள் அமோனியாவில் இளைத்துப்போன மீன். அதற்கு மேல் குளோரின் தண்ணீர். தண்ணீர் முழுவதும் ஒரேயடியாக மாறிய அதிர்ச்சி. அப்போதுதான் குடியேறிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சம் பாக்டீரியாவையும் கழுவிவிட்டேன். ராத்திரி காற்றும் இல்லை. ஒரே காரணம் இல்லை, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் தம்பியின் தீனி அவற்றில் இல்லை.

‘திடீர்னு செத்துச்சு’ என்றோம். திடீர் என்று எதுவும் இல்லை. புதன்கிழமை தண்ணீர் கலங்கியபோதே மீன் நமக்குச் சொல்லியது. நமக்குத்தான் புரியவில்லை. தெளிவான தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. அமோனியாவும் குளோரினும் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த தடவை செய்ய வேண்டியவை

* 20 லிட்டர் தொட்டி தங்கமீனுக்குப் போதாது. பெரிய தொட்டி வேண்டும். மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.
* தண்ணீரை முழுதாக மாற்றக் கூடாது. வாரம் ஒரு தடவை நான்கில் ஒரு பங்கு மாற்றினால் போதும். அதுவும் வாளியில் வைத்திருந்த தண்ணீர்.
* பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும்.
* இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி.
* ராத்திரியும் மோட்டார் ஓட வழி செய்ய வேண்டும். தலைமை ஆசிரியர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
* மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் தீனி போடாதீர்கள், டீச்சரைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்களில் ஆக்சலாட்டல் என்ற உயிரினம் இருக்கிறது. தவளை இனத்துக்குச் சொந்தக்காரன். செவுள் தலைக்கு வெளியே இறகு போல நிற்கும். கால் வெட்டுப்பட்டாலும் திரும்ப முளைக்கும்! அழியும் நிலையில் இருக்கும் இதைப் பல நாடுகளில் வீட்டில் வளர்க்கிறார்கள். அங்கேயும் ‘நேற்று நல்லா இருந்தது, இன்று செத்துவிட்டது’ என்ற கதைதான். காரணமும் பெரும்பாலும் நம் தொட்டிக் கதையே: அமோனியா, குளோரின். அதோடு 16 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டிய அதைச் சூடான தண்ணீரில் வைப்பது, தொட்டியில் போட்ட சிறு கல்லை அது விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்வது. கால் முளைக்க வைக்கத் தெரிந்த உயிருக்கும் கெட்ட தண்ணீரில் பிழைக்கத் தெரியவில்லை.

முடிவுரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அந்தத் தம்பியை இன்னும் சிலர் ‘மீன்கொல்லி’ என்று கூப்பிடுகிறார்கள். அவன் அறிவியல் அறைப் பக்கமே வருவதில்லை. தயவுசெய்து இனிமேல் அப்படிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். புதுத் தொட்டி வைக்கும்போது முதல் தீனி அவன் கையால் போட வேண்டும் என்பது என் ஆசை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி