பிடி தானியத்தில் எழுந்த விடுதி

ஒரு சங்கத்தார் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி ஒன்று நடத்த எண்ணுகின்றனர் எனக் கொள்வோம். கூட்டம் கூடியதும் எழும் முதற்கேள்வி, "நமக்குப் பொருள் கொடுக்கவல்ல செல்வர் யார்?" என்பதே. இரண்டொரு பெயர்கள் சொல்லப்படும். தூது செல்லும். அச்செல்வர் மனம் இரங்கும் நாள்வரை விடுதி ஏட்டளவில் நிற்கும். இரங்கிவிட்டாலோ வாயிலில் அவர் பெயர், ஆண்டு விழாவில் அவர் தலைமை, அவர் காலத்துக்குப்பின் அவர் மக்களின் தயவு என்று கதை தொடரும். தமிழகத்துக்கு வெளியே நகரங்களில் சிறு சிறு சங்கங்களாய் வாழும் நம்மில் பலர் இதனைக் கண்ணாரக் கண்டிருக்கின்றோம்.

இக்கேள்வியை வேறு வகையாகக் கேட்ட ஒருவரை இப்பாடத்தில் அறிவோம். மராட்டிய நாட்டில் சாத்தாரா என்னும் ஊரில் பணிபுரிந்த பாவுராவ் பாட்டீல் என்பவரே அவர். சாத்தாரா நமக்கு முற்றும் புதிய ஊரன்று. அண்ணல் அம்பேத்கர் 1900-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் ஆங்கிலப் பள்ளியிற் சேர்க்கப்பட்டது அவ்வூரில்தான். ஏனைய பிள்ளைகளினின்று விலக்கி வைக்கப்பட்டு, தாகத்துக்குத் தண்ணீர்ப் பானையைத் தாமே தொடவும் உரிமையின்றி அவர் படித்த வரலாற்றை முன்னரே அறிவோம். அதே ஊரில், அதன்பின் கால் நூற்றாண்டுக்குள், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட விடுதி ஒன்று எழுந்தது என்பதை மனத்திற்கொண்டு மேலே படிக்க.

பாவுராவ் பாட்டீல் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் கோலாப்பூரை அடுத்த கும்போஜ் என்னும் ஊரில் சமணக் குடும்பமொன்றிற் பிறந்தார். கோலாப்பூரில் சமண மாணவர் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், தீண்டப்படாதவர் எனப்பட்ட மாணவர்க்கான விடுதி ஒன்றின் திறப்பு விழாவுக்குச் சென்று வந்தார். திரும்பியதும் தீட்டுக் கழியக் குளிக்குமாறு தம் விடுதியார் கட்டளையிட்டனர். அவர் மறுத்தார், வெளியேற்றப்பட்டார். படிப்பு மெட்ரிக் வரை செல்லவில்லை. பின்னர்க் கண்ணாடித் தொழிற்சாலைக்கும் இரும்புக் கலப்பைத் தொழிற்சாலைக்கும் விற்பனையாளராகிக் கிராமம் கிராமமாகச் சுற்றினார். பொதுப்பணிக்கு இது சிறந்த பயிற்சி என்றே கருதுகின்றோம். கலப்பை விற்பவன் உழவனுடன் அவன் திண்ணையில் அமர்ந்து பேசவேண்டும். அவன் வீட்டில் என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்பதை அவன் அறிவான். மேடையில் மட்டும் மக்களைக் காணும் தலைவனுக்கு அது தெரியாது.

1919-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், கராடு நகரை அடுத்த காலே என்னும் சிற்றூரில் 'ரயத் சிக்ஷண் சம்ஸ்தா' என்னும் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவர், சாதாரண மக்கள். 1924-இல் சங்கத்தின் தலைமையிடம் சாத்தாராவுக்கு மாறியது. அங்கே மாணவர் விடுதி அமைந்தது. 1927-இல் காந்தியடிகள் வந்து அதற்குச் சத்ரபதி சாகு மகாராசரின் பெயரைச் சூட்டினார்.

இங்கே ஓர் ஒப்புமையை நோக்குதல் நன்று. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் 1902-இலேயே பின்தங்கிய வகுப்பாருக்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு 50 இடம் ஒதுக்கியவர். 1920-இல் மாண்காவ் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரைத் தலைவராக மக்கள்முன் போற்றியவர். அவர் பல மாணவர் விடுதிகளை ஏற்படுத்தினார். அவற்றுட் பெரும்பாலானவை ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே அமைந்தவை. அக்காலத்துக்கு அது பெருந்தொண்டு. பாட்டீல் அவர் பெயரைத் தாங்கிய விடுதியில் அனைவரையும் ஒருங்கே வைத்தார். மன்னரிடம் கருவூலம் இருந்தது, பாட்டீலிடம் அஃதில்லை. கருவூலம் இல்லாதவர் ஊரார் கூசிய ஒரு செயலை ஊரார் துணைகொண்டே எங்ஙனம் நடத்தினார் என்பதுதான் நாம் ஆராயவேண்டுவது.

அவர் கண்ட வழி 'முஷ்டி நிதி'. முஷ்டி என்பது கைப்பிடி. தமிழில் பிடியரிசி என்போம். வீட்டிலுள்ள பெண் தானியத்தை அரைக்க எடுக்கும்போதே ஒரு பிடியைத் தனிக்கலத்தில் இட்டுவைப்பாள். அவ்வாறு சேர்ந்தது விடுதிக்குச் செல்லும். சொல்வதற்கு எளிது. ஆயின் இதில் அடங்கிய நுட்பங்களைச் சற்று நின்று நோக்கவேண்டும்.

முதலாவது, காசு இல்லாத வீட்டிலும் தானியம் இருந்தது. கொடுக்க இயலாதவர் என்று நாம் கணக்கிலிருந்து நீக்கிவிடுவோரை அவர் கொடுப்போராகக் கண்டார். ஒரு பிடி கொடுத்ததால் எந்த வீடும் பட்டினி கிடவாது. ஆயிரம் வீட்டுப் பிடி பல பிள்ளைகளின் பசியைத் தீர்க்கும். அடுத்து, கொடுத்தவள் பெண். பொதுக்கூட்டத்துக்கு வாராத, பெயர்ப்பலகையில் இடம்பெறாத அவள் நாள்தோறும் தன் கையால் அச்சங்கத்தை நடத்துகின்றாள். எல்லாவற்றினும் மேலாக, பிற சாதிப் பிள்ளையோடு தன் மகன் அமர்ந்து உண்பதை மனத்தளவில் ஒப்பாத வீடும், அப்பிடியை இடும்போது அவ்வனைவருக்கும் சேர்த்தே இடுகின்றது. ஒரு பிடியில் 'இது இன்னாருக்கு மட்டும்' என்று எழுதி வைக்க முடியாது. ஆயிரம் ரூபாய் கொடுப்பவர் எழுதி வைக்கலாம். பலர் எழுதியும் வைக்கின்றனர்.

இதனைப் படிக்குங்கால் நமக்கு மணிமேகலை நினைவுக்கு வருதல் இயல்பு. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்திய பின்னும், மணிமேகலை முதற்பிச்சையை ஆதிரை என்னும் இல்லறப்பெண்ணின் வீட்டு வாயிலிற் சென்று ஏற்கவேண்டியிருந்தது. வற்றாத கலத்துக்கும் ஒரு வீட்டுக் கை தொடங்கி வைக்கவேண்டும் என்று நம் முன்னோர் கதை அமைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

விடுதிப் பிள்ளைகளும் வாளாவிருந்து உண்ணவில்லை. தாமே சமைத்தனர், நிலத்தில் உழைத்தனர். உழைத்துக்கொண்டே படிக்கும் திட்டம் அச்சங்கத்தின் அடையாளமாயிற்று. உதவி பெறுவோன் தன் பங்கை உழைப்பாகச் செலுத்தியதால், கொடுத்தவர்முன் தலைகுனிய அவனுக்குக் காரணமில்லாது போயிற்று. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைநீட்டி நிற்க வைக்கப்பட்டவர்கள். ஆதலின் உதவி செய்யும் முறையிலேயே இழிவு நுழையாமற் காப்பது நமக்கு மற்றவரினும் மிக்க கவலையாக இருத்தல் வேண்டும்.

இனி, பாட்டீலின் வரலாற்றைக் கூறுவோர் யாவரும் உருகிச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. விடுதியில் பிள்ளைகளுக்கு உணவுக்கு வழியில்லாதபோது அவர் துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை விற்கக் கொடுத்தார். இறுதியில் தாலியையும் கொடுத்தார். ஆசாரமுள்ள குடும்பத்திற் பிறந்த அவர், அப்பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். 1930-இல் மறைந்தார். இத்தியாகத்தை வணங்குகின்றோம். ஆயினும் பாடம் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. தலைவரின் மனைவி தாலியை விற்கும் நிலைக்கு ஒரு பொதுச்சங்கம் வருமாயின், அவ்வூரார் தம் பங்கைச் செய்யவில்லை என்பதே பொருள். ஒரு குடும்பம் தன்னை எரித்து விளக்கேற்றுவது சில ஆண்டு நடக்கும். பிடி தானியம் பல வீடுகளிலிருந்து வந்து சேர்ந்ததனாலன்றோ அவ்விடுதி அந்த அம்மையாரின் மறைவுக்குப் பின்னும் நின்றது! நம் சங்கங்களிலும் செயலாளர் ஒருவரே தம் சம்பளத்திலிருந்து வாடகை கட்டுவதையும், நாம் அவரைப் பாராட்டிவிட்டு வீடு திரும்புவதையும் காண்கின்றோம். அந்தப் பாராட்டு அவருக்குச் செய்யும் நன்மையன்று.

பாட்டீல் பெருங்கொடைகளை வேண்டாமென்றவர் அல்லர். சங்கம் 1935-இல் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. பயிற்சிக் கல்லூரியும் உயர்நிலைப் பள்ளிகளும் எழுந்தன. 1947-இல் சாத்தாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரி அமைந்தது. இவை பிடி தானியத்தால் மட்டும் நடவா. அக்கல்லூரியின் பெயரை மாற்றினால் பெருந்தொகை தருவதாக ஒருவர் கூற, பாட்டீல் சினந்து மறுத்துவிட்டார் என்று மராட்டிய மக்கள் சொல்வர். அவ்வாறு மறுக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? அன்று இரவு உலை வைக்க அச்செல்வரின் காசு தேவையில்லை என்னும் நிலை இருந்தமையாற்றான் என்பது நம் கருத்து. சிறுகொடையால் அடுப்பு எரியும் சங்கமே பெருங்கொடையாளரோடு நிமிர்ந்து நின்று பேச இயலும்.

'கர்மவீரர்' என்று மக்களால் அழைக்கப்பட்ட அவர் 1959-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் காலமானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது பெற்றிருந்தார். ஆலமரத்தைச் சின்னமாகக் கொண்ட அச்சங்கம் இன்று பள்ளிகளும் கல்லூரிகளும் விடுதிகளுமாக ஏறக்குறைய 700 கிளைகளுடன் நடைபெறுகின்றது.

பிடியரிசி முறையை அப்படியே நகரத்தில் நடத்த முடியுமா என்று அன்பர்கள் கேட்கலாம். கடையில் கிலோக் கணக்கில் அரிசி வாங்கும் வீட்டில் மண்கலம் வைக்கச் சொல்லுதல் வெறுஞ்சடங்காகிவிடக்கூடும். சம்பள நாளில் ஒரு சிறு தொகை, ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுத்தல், தையல் தெரிந்தவர் தைத்துத் தருதல், மின்வேலை தெரிந்தவர் விடுதிக்குக் கம்பி இழுத்துத் தருதல் ஆகியவையும் பிடியே. எதுவாயினும் வாரந்தோறும் ஒருவர் வீடுதேடிச் சென்று வாங்கவேண்டும். வாங்கியதை எல்லாரும் கேட்கப் படித்துக் காட்டவேண்டும். இவ்விரண்டில் தளர்ந்த சங்கங்கள் பல. வாங்கச் செல்ல வெட்கம், கணக்குச் சொல்ல சோம்பல்.

அடுத்த படிப்பு வட்டத்துக்கு வரும்போது அன்பர்கள் தத்தம் சங்கத்தின் சென்ற ஆண்டு வரவுப் புத்தகத்தை உடன் கொண்டுவருக. மொத்தத் தொகையை விட்டுவிடுங்கள். கொடுத்தவர் எத்தனை பேர், அவருள் பெண்கள் எத்தனை பேர், சங்கத்தால் உதவி பெறும் பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை பேர் என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வருக. அத்தாள்களை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவோம்.